ஒயின் வகுப்பில் ஒரு கிண்ணம் காபித்தூள்

இரண்டு மாதத்துக்கு முன்பு நான் ஒயின் குடித்தேன். ஆபீஸ் வேலையாக!

பேப்பரைக் கீழே வைக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஓசூரில் ஒரு கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் நான் குப்பை கொட்டுவது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பஸ், லாரிகளுக்கு உதிரிபாகம் செய்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற கம்பெனி. இத்தாலியிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி எங்களோடு ஒப்பந்தம் போட வருவதாக இருந்தது. விருந்தில் அவர்கள் ஒயின் குடிப்பார்கள். எதிரே உட்காரும் நம் ஆட்கள் அதை மோர் மாதிரி மடக்கென்று ஊற்றிக்கொண்டால் மானம் என்ன ஆவது? எங்கள் எம்.டி.க்குத் தூக்கம் போய்விட்டது. விருந்தில் உட்காரப் போகிறவர்களுக்கெல்லாம் ட்ரெயினிங் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏற்பாடு செய்யவேண்டியவள் நான். லேடீஸ் ஒருத்தராவது இருக்கட்டும் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒயினுக்கு வகுப்பா என்று சிரிக்காதீர்கள். ஜூஜுவாடி தாண்டி கர்நாடகாவில் கால் வைத்தால் கடைக்குக் கடை 'ஒயின்ஸ்' என்று போர்டு. உள்ளே போய்க் கேட்டால் ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் யார் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

ஆக, ஒரு சனிக்கிழமை காலை கம்பெனி வேனில் கிளம்பினோம். பெங்களூருக்கு அந்தப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒயின் தயாரிக்கிற இடம் ஒன்று. எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். பெயின்ட் ஷாப் இன்சார்ஜ் செல்வராஜ் மட்டும் வேனில் ஏறியதிலிருந்து புலம்பிக்கொண்டே வந்தார். அருப்புக்கோட்டைக்காரர். பீடி, சிகரெட், பிராந்தி எதையும் தொடாத மனிதர். வீட்டில் மனைவி தனத்துக்குத் தெரிந்தால் ராத்திரி சோறு கிடைக்காது என்றார். பக்கத்தில் இருந்த ஸ்டோர்ஸ் மேனேஜர் பிரகாஷ் விடவில்லை. "அந்தச் சோத்தைத்தான் வாயில வைக்க முடியலைன்னு தினமும் சொல்றீங்களே சார், கிடைக்கலைன்னா என்ன?" என்றார். வேனே சிரித்தது. செல்வராஜும் சிரித்தார்.

அது எங்கள் கேன்டீனில் பழைய ஜோக். ஓசூருக்கு வந்தபிறகு தனத்தின் கைப்பக்குவம் போய்விட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் செல்வராஜ் சொல்லாத நாள் கிடையாது. ஓசூர் தண்ணி சரியில்லை என்பார், குளிர் என்பார். தெற்கேயிருந்து வந்தவர்கள் முடி கொட்டினால்கூட ஓசூர் தண்ணியைத்தான் திட்டுவார்கள். ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

டீச்சர் பெயர் ஷோபா. கன்னடக்காரர். தமிழைக் கொஞ்சம் கன்னட மெட்டில் அழகாகப் பேசினார். கிளாஸைக் காம்பில்தான் பிடிக்கவேண்டும் — மேலே பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஒயினுக்கு ஏறிவிடும். முதலில் வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறத்தைப் பாருங்கள். அப்புறம் ஒரு சுழற்று. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இழுங்கள். அதற்குப் பிறகுதான் வாய். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டி, மெதுவாக விழுங்கவேண்டும். பிடிக்காவிட்டால் துப்பலாம். பக்கத்திலேயே பாத்திரம் வைத்திருந்தார்கள்... துப்புவதற்கு மரியாதை கொடுக்கிற ஒரே பானம் இதுவாகத்தான் இருக்கும்!

சிவப்பு ஒயின் நாக்கை இழுத்துப் பிடித்தது. நாவல்பழம் தின்ற மாதிரி. அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிறதாம். 'டிரை' என்றால் இனிப்பு இல்லாதது என்று பொருளாம். நான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எங்கள் ஊர் பன்னீர் சோடா இதைவிட எவ்வளவோ மேல்.

"நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி கொஞ்சம்தான் தெரியும். மிச்சம் எல்லாம் மூக்குதான் சொல்லும். உங்க அம்மா சமையலும் அப்படித்தான்" என்றார் ஷோபா.

அதைப் புரியவைக்க ஒரு விளையாட்டு வைத்தார். ஓட்டை போட்ட மூடியோடு சின்னச் சின்னக் கிண்ணங்கள். உள்ளே இருப்பதைப் பார்க்கக்கூடாது, முகர்ந்து சொல்லவேண்டும். ஒயினில் இந்த வாசனைகளைத் தேடத்தான் பழகவேண்டுமாம். எனக்குக் கிராம்பு வந்தது. பிரகாஷுக்குக் கொய்யாப்பழம். மிளகு, எலுமிச்சை என்று ஒவ்வொருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டிருந்தோம்.

செல்வராஜ் தன் கிண்ணத்தை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"மேடம், இதுல ஒண்ணும் போடலையே. காலிக் கிண்ணத்தைக் குடுத்துட்டீங்க."

எல்லோரும் சிரித்தோம். ஷோபா வேறு ஒன்றைக் கொடுத்தார். அதுவும் காலி என்றார் செல்வராஜ். தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். ஷோபா மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து, மூடியைத் திறந்து பாருங்கள் என்றார்.

திறந்தார். கிண்ணம் நிறையக் காபித்தூள்.

திறந்ததுமே எங்கள் எல்லோர் மூக்கிலும் ஏறிய வாசனை அது. செல்வராஜ் கிண்ணத்தை மூக்கோடு ஒட்டிவைத்து இழுத்தார். மூக்கு நுனியில் தூள் அப்பிக்கொண்டது. ஒருவராலும் சிரிக்க முடியவில்லை.

"தூள் இருக்கு மேடம்" என்றார் என்னைப் பார்த்து.

இந்த இடத்தில் எங்கள் பெயின்ட் ஷாப் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளியாட்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே புதிதாகச் சேருகிறவனுக்குத் பெயின்ட்டில் கலக்கும் தின்னரின் நெடி ஆகவே ஆகாது. தலைவலி, வாந்தி, கண்ணெரிச்சல். கொஞ்ச நாளில் ஒருநாள் நெடியே தெரியாமல் வேலை செய்வான். அன்று சீனியர்கள் முதுகில் தட்டி, "மூக்கு செட் ஆயிடுச்சுடா!" என்பார்கள். செட் ஆனவன் ஷிஃப்ட்டுக்கே ஸ்வீட் வாங்கித் தரவேண்டும். இனி நீ பெயின்ட் ஷாப் ஆள் என்று அர்த்தம். மாஸ்க் அதற்குப் பிறகு கழுத்தில்தான் தொங்கும். செல்வராஜ் சேர்ந்த வருடம் மைசூர்பாகு வாங்கித் தந்தாராம். இன்சார்ஜ் ஆன பிறகு எத்தனை பேர் முதுகில் தட்டினாரோ!

மூக்கு செத்துக்கொண்டிருப்பதை நாங்கள் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நெடி மட்டும் போய், மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கும் என்று எப்படி நம்பினோம்? யாருக்கும் தோன்றவே இல்லை. செல்வராஜுக்கும் ஒரே நாளில் போகவில்லை. குழம்பு வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. சளி என்றிருக்கிறார், குளிர் என்றிருக்கிறார், தண்ணி என்றிருக்கிறார். கடைசியில் தனத்தின் கை என்று முடிவுகட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் ஆளாளுக்கு ஏலக்காயை மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் மாட்டிக்கொள்ளக்கூடாதே! செல்வராஜ் என் சீட்டுக்கு வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், என் மேல வாசனை வருதா?"

வருகிறது என்றேன். தலையாட்டினார். "எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மேடம். எனக்கு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இருந்தார்கள். தனம் கதவைத் திறந்ததுமே முகம் மாறிவிட்டது. அவளுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது! வகுப்புக்குப் போய் வந்ததை நான் விளக்கினேன். பாதிதான் நம்பினாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், சமையலறையில் கேன் தண்ணீர் இரண்டு வரிசையாக இருந்தது. போர் தண்ணீரில் சமைப்பதால்தான் ருசி வரவில்லை என்று காசு கொடுத்து வாங்கிய கேன். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்த மசாலாப்பொடி டப்பாக்கள் மேல் தட்டில் இருந்தன. கம்பெனி ஃபேமிலி டேயில் அவள் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து வைத்ததும் நாங்கள் சட்டியை வழித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அதெல்லாம் அவர்கள் வந்த புதிதில். பிறகு அவள் எதையும் கொண்டுவரவில்லை. கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

"உன் சமையல்ல ஒரு குத்தமும் இல்ல தனம்" என்றார் செல்வராஜ். "எனக்கு மூக்கு போயிருச்சு. காபித்தூளே தெரியல."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய், மசாலா டப்பாவைத் திறந்து கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் முகர்ந்தார். இல்லை என்று தலையசைத்தார். அவள் இன்னொரு டப்பாவைக் கொண்டுவந்தாள். அப்புறம் பெருங்காயம். அப்புறம், வெட்கமே பார்க்காமல், பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்திருந்த கருவாடு.

எதற்கும் அவர் முகம் மாறவில்லை.

தனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷமா நான் என் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் அக்கா" என்றாள். "எங்க அம்மாகிட்டகூடச் சொல்லி அழுதேன், கை கெட்டுப்போச்சுன்னு."

செல்வராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் நின்று அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்கள்தானே?

பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு, பல வருட நெடி காரணமாக இருக்கலாம் என்றார். திரும்ப வருமா என்று கேட்டதற்கு, நம்பிக்கை கொடுக்க மனசு வரவில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். வெளியே வந்து செல்வராஜ் கேட்டது ஒன்றுதான். கேஸ் லீக் ஆனால் தனம் இல்லாத நேரத்தில் தனக்கு எப்படித் தெரியும் என்றார்.

விருந்து நடந்தது. நம் ஆட்கள் ஒருவரும் மடக்கென்று குடிக்கவில்லை. செல்வராஜ் காம்பில் பிடித்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு ரசித்து இழுத்தார். எதிரே இருந்த இத்தாலிக்காரர் என்ன தெரிகிறது என்று ஆவலாகக் கேட்டார். செல்வராஜ் வகுப்பில் கேட்டதை ஞாபகம் வைத்து, மிளகு, கிராம்பு என்றார். அந்த மனிதர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். எம்.டி. முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் என் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஸ்டோர்ஸுக்கு மாற்றித் தருகிறோம் என்றது நிர்வாகம். செல்வராஜ் மறுத்துவிட்டார். "நான் முதுகுல தட்டின பசங்க உள்ள இருக்காங்க மேடம்" என்றார்.

போன திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரத்தில் பெயின்ட் ஷாப் பக்கம் போனேன். வாசலில் செல்வராஜ் நின்றிருந்தார். கையில் ஓட்டை போட்ட மூடியோடு ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் என்ன வைப்பது என்று தினமும் முடிவு செய்வது தனமாம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் முகர்ந்து, இன்னதென்று சொல்லிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். சொல்லத் தெரியாதவனுக்கு அன்றைக்கு உள்ளே வேலை இல்லை. நேரே என்னிடம், என்னிடமிருந்து டாக்டரிடம். ஸ்வீட் வாங்கித் தரும் வழக்கம் அடியோடு நின்றுவிட்டது.

அன்றைக்குக் கிண்ணத்தில் ஏலக்காய். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சரியா தப்பா என்று அவருக்கு மூக்கு சொல்லாது. தனம் காலையில் சொல்லி அனுப்பியதை வைத்துத்தான் தலையாட்டினார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் தூண் மறைவில் நிற்பது அவருக்குத் தெரியாது.

செல்வராஜ் மூடியைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.