பெண் எலிகளும் நெல்லிச்சாறும்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எலிகளுக்குக் கெட்ட எண்ணெயும் நெல்லிச்சாறும் கொடுத்து, சாறு அவற்றை எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உள்ளே போனால் உடம்பில் ஒருவிதத் துரு பிடிக்கும். நெல்லிக்காய் அதைத் தடுக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எலியின் ரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து கொதிக்க வைப்போம். சோதனைக் குழாய் ரோஸ் நிறமானால் துரு அதிகம், வெளிறியிருந்தால் குறைவு.

எண்ணெய்க்கு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடை. எங்கள் ஊர் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் மூடி போட்ட தூக்குப்போசியோடு போய் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, உங்க கடையில இருக்கறதுலயே ரொம்பப் பழைய எண்ணெய் வேணுங்க."

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்மகிட்டப் பழசே கிடையாதுங்க அம்மணி. டெய்லி புது எண்ணெய்தானுங்க."

"எலிக்குங்கண்ணா."

"எலிக்குங்களா? அப்ப இருக்குதுங்க," என்று உள்ளே போய், டிகாக்‌ஷன் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றினார்.

ஆண் எலிகள் நாங்கள் நினைத்தபடியே நடந்துகொண்டன. எண்ணெய் மட்டும் தின்றவற்றின் குழாய் ரோஸாகியது, சாறும் சேர்த்துக் குடித்தவற்றின் குழாய் வெளிறியது. பெண் எலிகள்தான் வம்பு செய்தன. அதே எண்ணெயைத் தின்றும் அவற்றின் குழாய் அவ்வளவாகச் சிவக்கவில்லை. சாறு கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், என் கைடுக்கு இது சொந்த அவமானமாகிவிட்டது. அவர் பல வருஷமாகக் காலையில் நெல்லிச்சாறு குடிப்பவர், மனைவியையும் குடிக்க வைப்பவர்.

"பொம்பளை எலிக சாறைத் துப்பிப்போடுது. பக்கத்துல உக்காந்து பாரு அம்மணி."

ஒரு வாரம் ஸ்டூலைப் போட்டுக் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றுகூடத் துப்பவில்லை. என்னைத்தான் வெறித்துப் பார்த்தன.

"சார், பெண் எலிக்கு உடம்புலயே பாதுகாப்பு கொஞ்சம் அதிகமா இருக்கும் போலத் தெரியுதுங்க. துருவே கம்மி. சாறுக்கு வேலை இல்லீங்க."

"அப்ப அதுகளுக்கு நெல்லிக்காயே வேண்டாங்கறயா?"

"இந்த எலிகளுக்கு, இந்த அளவுலதானுங்க சார்."

பெண் எலிகளை ஆய்வேட்டிலிருந்தே தூக்கிவிடலாம் என்றார். அது என் உழைப்பில் பாதி. பெண் எலிகளின் நோட்டுகளை அவர் மேஜையில் அடுக்கி வைத்தேன். அதைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, ஒரு முடிவுக்கு வந்தார். எலியை நம்ப முடியாது, மனிதரில் பார்த்துவிடலாம்.

மனிதர் என்றால் அவரும் அவர் மனைவியும். கொஞ்ச நாள் இருவரும் சாறை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் அந்தக் கடைப் பஜ்ஜி மட்டும் தின்றார்கள். அடுத்து பஜ்ஜியோடு சாறும். இரண்டு தடவையும் நர்ஸ் ஒருவர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். இரண்டே பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிவு பார்க்க அவர் மனைவி, எங்கள் மேடமும் லேபுக்கு வந்தார். சாரின் முதல் குழாய் நல்ல ரோஸ், இரண்டாவது வெளிறல். மேடத்தின் இரண்டுமே வெளிறல்.

மேடம் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏனுங்க, அப்ப இத்தனை வருசமா அந்தப் புளிப்பை நான் எதுக்குங்க குடிச்சேன்? பஜ்ஜி மட்டும் தின்னிருந்தாப் போதுமே!"

சார் அவர் கையிலிருந்து குழாயை வாங்கி ஸ்டாண்டில் வைத்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பொம்பளை எலி அத்தியாயம் இருக்கட்டும் அம்மணி. எடுத்தா ஊட்டுல சோறு கிடைக்காது," என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எடுத்ததுமே ஒரு கேள்வி கேட்டார். எலிக்கு எவ்வளவு சாறு? சொன்னேன். பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தன் எடைக்குப் பெருக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஒரு நாளைக்கு இவ்வளவா? இந்த எண்ணெயே தின்னாம இருந்துட்டா?"

"எண்ணெயே குடுக்காம வெச்சிருந்த எலிகளுக்குச் சாறே தேவைப்படலீங்க சார்."

"ஆண் எலிக்குக் கூடவா?"

"ஆமாங்க சார்."

கால்குலேட்டரைப் பைக்குள் வைத்தார். எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.