சந்தனத்துக்கு அடியில் ஒரு 'த'

பாறசாலையில என் டைப்பிங் கடை கம்ப்யூட்டரைப் பழைய சாமான் வாங்குற ஆக்கர் கடையில போடச் சொல்லாத ஆள் கிடையாது. ஊர் பேர் தெரியாத யாரோ இலவசமா தர்ற ஒரு லைட்டான ஓஎஸ் புண்ணியத்துல அது இன்னும் ஓடுது.

அடுத்த வெர்ஷன்ல என்ன வேணும்னு இன்னைக்குக் காலையில அவங்களே அவங்க ஆன்லைன் குழுவில கேட்டிருந்தாங்க.

எழுதினேன். "எங்க ஊர்ல நோட்டீஸ்னா பாதி தமிழ், பாதி மலையாளம். நான் பேப்பரைப் பார்த்தே அடிப்பேன். நிமிர்ந்தா நாலு வரி தமிழ் மலையாள எழுத்துல போயிருக்கும். கீபோர்டு எந்த மொழியில நிக்குதுன்னு ஸ்கிரீன்ல காட்டுங்க."

உடனே பதில் வந்துச்சு. "ஏற்கெனவே காட்டுதே. வலது பக்கம், கீழ் மூலையில பாருங்க."

பார்த்தேன். ஒண்ணும் இல்ல. சுர்ருனு கோவம் வந்து, சூடா ஒரு பதில் அடிக்க ஆரம்பிச்சேன்.

சர்ச் நோட்டீசுக்குக் காத்திருந்த கிருபை அக்கா எட்டிப் பார்த்தாங்க. "மக்கா, அந்த மூலையில சந்தனமாக்கும் இருக்கு."

போன ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு. துடைக்க மனசு வராம அப்படியே விட்டிருந்தேன்.

"நான் துடைச்சா உங்க சாமி கோவிக்காதுல்லா?"ன்னு கேட்டுட்டு, அக்கா கர்ச்சீப்பால துடைச்சாங்க. அடியில குட்டியா ஒரு 'த' உட்கார்ந்திருந்துச்சு.

கோவத்துல அடிச்சதை எல்லாம் அழிச்சுட்டு, மனசார நன்றி எழுதினேன். கூடவே ஒரு விண்ணப்பம்: அடுத்த வெர்ஷன்ல அந்த எழுத்தை வேற மூலைக்கு மாத்துங்க, பூஜை மறுபடியும் வருது.

உங்க கம்ப்யூட்டர்ல பொட்டு எந்த மூலையிலன்னு கீழ கமெண்ட்ல சொல்லுங்க. அவங்க இடம் பார்த்து வைக்கட்டும்.