நாலாவது மைக்கில் வந்த மூச்சு

சில வருடங்களுக்கு முன், ஒரு மாரிகாலப் பின்னேரம் நடந்தது இது. அப்போது நான் பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடைகளிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் வரும் ஓர் இசையரங்கில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். என்னுடைய வதிவிட விசாவைப் புதுப்பிக்கச் சம்பளத் துண்டு காட்டவேண்டிய நேரம். வேலை போனால் எல்லாம் போய்விடும்.

அன்று வாசிக்க இருந்தது இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு ராக் இசைக்குழு. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த யாழ்ப்பாணத்து அண்ணைதான் கதையைச் சொன்னார். நாலு பேரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். அந்த நாட்டில் அவர்களுடைய பாட்டுத் தெரியாத ஆளில்லையாம். உச்சத்தில் இருந்தபோது சண்டை பிடித்துப் பிரிந்தார்கள். பிறகு சேர்ந்தார்கள், திரும்பவும் பிரிந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மற்ற மூவருக்கும் போன் எடுத்துச் சேர்த்து வைத்தவர், கீபோர்ட் வாசித்துப் பாடும் நாலாவது ஆள். கடைசியாக ஒன்றுசேர்ந்து ஒத்திகை தொடங்கிய கிழமையில் அவர் இறந்துபோனார். அவரில்லாமல் மூவரும் மேடையேறப்போவது அதுதான் முதல் தடவை. அவருடைய கீபோர்ட், அவர் உட்காரும் கதிரை, மைக் எல்லாவற்றையும் மேடையின் பின்பக்கத்தில் அவருக்காக வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, அதிலை மட்டும் கை வையாதை. அது செத்த ஆளின்ர இடம்" என்றார் அண்ணை.

நான் வைத்தேன். மைக்கில் தூசி படிந்திருந்தது. பழக்கதோஷத்தில் துணியால் ஒரு இழுவை இழுத்துவிட்டேன். அதற்குள் மூவரும் ஒத்திகைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் படாமல் வெளியே போக நேரமில்லாமல், மைக்கிலிருந்து கையெட்டும் தூரத்தில், அந்தக் கதிரைக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் திரைக்குள் ஒதுங்கி நின்றேன்.

பாட்டு நடுவில் சட்டென்று நின்றது. அது இறந்தவர் பாடவேண்டிய இடம் என்று விளங்கியது. மூவரும் வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் இல்லாத மண்டபம், ஒரு சத்தமில்லை. எனக்கு மூச்சு விடவும் பயமாக இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு மூச்சுக் கேட்டது. பாடப்போகிற ஒருவர் நெஞ்சு நிறைய இழுக்கிற மூச்சு. மண்டபம் முழுக்கக் கேட்டது.

டிரம்ஸ் அடிப்பவரின் கையிலிருந்து குச்சி விழுந்தது. நரைத்த தலையுள்ள கிட்டார்க்காரர் கதிரையை நோக்கி இரண்டடி வைத்து, ஒரு பெயரைக் கேள்விபோலச் சொன்னார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மூச்சை இழுத்தேன். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

அந்த நொடியில்தான் விளங்கியது. துடைத்தபோது மைக்கின் சுவிட்ச் என் விரலில் பட்டுத் திறந்திருக்கிறது. அது என்னுடைய மூச்சு.

பேசாமல் பின்பக்கத்தால் நழுவியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தேன். ஆனால் அந்தக் கிட்டார்க்காரரின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படிப் போக முடியவில்லை. திரையை விலக்கி, தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"மன்னியுங்கள் ஐயா, அது நான்."

பிறகு கிட்டார்க்காரர் கிட்ட வந்து, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், "பாடுவதற்கு முன் அவன் இப்படித்தான் மூச்சிழுப்பான். சரியாக இந்த இடத்தில்" என்றார்.

நான் அழுதுகொண்டு நிற்க, அவர் கோபிக்காமல் ஒன்று கேட்டார். திரும்பவும் திரைக்குள் போய் நின்று, அதே இடத்தில் மூச்சிழுக்க முடியுமா என்று. நின்றேன். மூன்று தடவை வாசித்தார்கள். ஒரு தடவை முந்திவிட்டேன், ஒரு தடவை பிந்திவிட்டேன், மூன்றாம் தடவை வந்தது வெறும் விம்மல். அதற்குப் பிறகு அவரே வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என்னை வேலையால் நிறுத்தக் கூடாது என்று அண்ணையிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

தெரியாமல் இழுத்த மூச்சு எப்படி அவ்வளவு சரியாக விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் இருந்த அந்த ஒரு நிமிடத்தில், வயதான மூன்று மனிதர்கள் தங்கள் சிநேகிதன் வந்துவிட்டான் என்று நம்பினார்கள். அதைக் கொடுத்ததும் நான், பறித்ததும் நான் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவேயில்லை.