நாலாவது கிதார்

எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மக்கர் செய்த டீசல் எஞ்சினைப் பார்க்கப் போன யோவான், இடது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல்தான் கோவில்பட்டிக்குத் திரும்பினார். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் மோதிர விரலையும் சுண்டு விரலையும் அடியோடு கொண்டுபோய்விட்டது. அது எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை.

புண் ஆறியதும் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஸ்பானர் பிடிப்பது வலது கைதானே. கிதாரை மட்டும் உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். வேதக்கோயிலின் ஞாயிறு ஆராதனையில் கிதார் வாசித்துவந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். இப்போது அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். யோவான் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். யாராவது கையைப் பார்த்து உச்சுக்கொட்டினால் சுர்ரென்று கோபம் ஏறும்.

மறுவருஷம் ஒருநாள் கேசட் கடை அழகிரிசாமி பட்டறைக்கு வந்தார். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“ஏலே, இந்தா. பள்ளிக்கூட ஹாலுல தேயத் தேயப் போட்டுக் கேட்டமே, அந்தக் கிதார் ரெக்கார்டு. இப்பம் அதையே கேசட்டா விட்டிருக்கான். பழைய கரகரப்பை எல்லாம் எடுத்துட்டானாம்.”

“கேட்டு என்ன செய்யச் சொல்லுத?”

“கேக்கதுக்குக் காது போதும்லே.”

அந்தப் பேச்சு யோவானுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் டேப் ரெக்கார்டரில் போட்டதும் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. பாட்டு இல்லை, மேளம் இல்லை, வெறும் கம்பிகளின் சத்தம். ஒன்று ராகத்தை எடுத்தது. ஒன்று அதற்குப் பதில் சொன்னது. இன்னொன்று இடைவெளிகளை நிரப்பியது. எல்லாம் தெரிந்த சங்கதிதான். பிறகு, எஞ்சின் ஓட்டத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் காதில் விழுவதுபோல, அடியில் வேறொன்று கேட்டது. யோவான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை காலமும் அதை மூன்று கிதார் என்றே நினைத்திருந்தார்கள். கோயிலில் அதேபோல வாசித்துப் பார்த்தபோதெல்லாம் எதுவோ குறைந்தது. ரெக்கார்டின் கீறல் சத்தத்துக்குள் நாலாவது ஆள் மறைந்து கிடந்திருக்கிறான்!

அவன் அதிகம் வாசிக்கவில்லை. தடித்த கம்பிகளை விட்டு நகரவே இல்லை. ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். அதற்கு நாலு விரல் வேண்டியதில்லை.

இடது ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் பாடியபோது நாலாவது கிதார் துலக்கமாகக் கேட்டது. அலமாரி மேலிருந்து கிதாரை இறக்கினார்.

விரல்கள் தாவ வேண்டிய இடத்தில் எட்டவில்லை. கையை முழுதாக நகர்த்தினால் தாளம் பிந்தியது. திருப்பித் திருப்பி ஓட்டியதில் நாடா ஒருநாள் சிக்கிக்கொண்டது. பிரித்துச் சுற்றிவிட்டு மறுபடி போட்டார். விரல் போன இடம் செக்கச் சிவந்து வீங்கியதைப் பார்த்து அவர் மனைவி ஞானத்தாய்க்குத் தாங்கவில்லை.

“யாருக்கு நிரூபிக்கணும்னு இந்தப் பாடு படுதீங்க?”

“யாருக்குமில்ல. இந்த ஆளு வாசிக்கான் பாரு, ஒரு அவசரம் இல்ல. தனக்குள்ளதை ஒழுங்கா வாசிக்கான். அதை நான் வாசிக்கணும்.”

அவள் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்தாள். “வெந்நி வச்சுத் தாரேன். கைய முக்கிட்டு வாசிங்க” என்று எழுந்து போனாள்.

கோயில் இசைக்குழுவை நடத்தியவர் எபநேசர், யோவானுக்கு இளையவர். சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கிதாரோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் அவர் முகம் சங்கடப்பட்டது.

“நீங்க ஏன் அண்ணாச்சி செரமப்படுதீங்க? உக்காந்து கேளுங்க, போதும்.”

“கேட்டுட்டுத்தான் தம்பி வந்திருக்கேன். எங்கூட வாசிச்சுப் பாருங்க.”

வாசித்தார்கள். வேகம் கூடிய இடத்தில் யோவானின் கை தடுமாறி நின்றது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், கை மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை மற்றவர்கள் அவருக்காக வேகத்தைக் குறைத்தார்கள். அதுதான் உறைத்தது.

“அடுத்த சனிக்கெழம வாரேன்” என்று கிதாரை உறையில் போட்டார்.

வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இடறிய இடத்தைத் திறந்த கம்பியில் கடக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மழையில் கயத்தாறு ரோட்டில் பழுதுபார்க்கப் போன லாரியோடு மாட்டிக்கொண்டு அவர் வராமற்போன சனிக்கிழமை, மற்ற மூவரும் பாதியில் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் எபநேசர் வீடு தேடி வந்தார்.

“அடியில சத்தம் இல்லாம வெறிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி. அசனத்துக்கு நாலு பேரும் வாசிப்போம்.”

சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று பந்திக்கு முன்னால் கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு நாலு பேர் உட்கார்ந்தார்கள். சாம்பார் மணத்தோடு கூட்டம் நெருக்கியடித்து நின்றது. முதல் பாட்டில் யோவானின் விரல் ஒரு சுரத்தைத் தவறவிட்டது. நிற்காமல் அடுத்ததைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டுக்கு எபநேசர் அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஆரம்பிங்க அண்ணாச்சி. நாங்க பின்னால வாரோம்.”

யோவான் மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் தடித்த கம்பிமேல் வைத்து அழுத்தி, தனியாகத் தொடங்கினார்.