‘ஆம் டெல்லிங்’ என்று எழுதியவள்

மும்பையில், நான் குடியிருக்கும் தாராவியிலேயே நடத்தும் மாலைநேர ஆங்கில வகுப்பில் தினமும் ஒரே கேள்விகள்தான். ‘ஹேவ்’ எங்கே, ‘ஹேட்’ எங்கே, ‘ஐ ஆம் நோயிங்’ ஏன் தப்பு? தமிழில் மடை திறந்ததுபோல் பேசுகிறவர்கள், எழுவாயை அடுத்தே வினை வரவேண்டும் என்றதும் திணறிப்போகிறார்கள். ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்துகொண்டிருந்தது, ஜெபாவின் விஷயம் நடக்கும்வரை.

ஜெபா சாத்தான்குளம் பக்கத்துப் பெண். செம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை. ஒருநாள் மூன்றாம் மாடியில் குழாய் கசிவதைக் காலையிலேயே சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னாள். அவன் கண்டுகொள்ளவில்லை. மதியம் அந்த ஈரத்தில் ஒரு முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஜெபாவிடம் விளக்கம் கேட்டார்கள், அதுவும் ஆங்கிலத்தில். ‘ஐ ஆம் டெல்லிங் சூப்பர்வைசர்’ என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியென்றால் அவர் விழுந்த பிறகுதான் சொல்லியிருக்கிறாய் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

“நான் அப்பமே சொல்லியிருந்தேன் சார்” என்று வகுப்பில் வந்து அழுதாள். “அத இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?”

சொல்லியிருந்தேன். ‘ஹேட் டோல்ட்’. அந்த வினைக்காலம் அவள் பேசும் தமிழிலேயே இருக்கிறது. பள்ளியில் எங்களைப் பிரம்போடு பன்னிரண்டு காலங்களையும் ஒப்பிக்க வைத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. அதே அட்டவணையைத்தான் நானும் இத்தனை வருடம் எழுதிப்போட்டு வந்தேன். அன்று என் கரும்பலகையிலிருந்த அட்டவணையை அழித்துவிட்டேன்.

மறுநாள் அவளோடு மருத்துவமனைக்குப் போனேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திய அதிகாரியம்மாள் ஜெபாவின் தாளை அழுக்குத்துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தான். நான் ஜெபாவின் போனை வாங்கி, காலை எட்டேகாலுக்கு அவனுக்குப் போன அழைப்பைக் காட்டி, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரியம்மாள் குனிந்து பார்த்தார். முந்தின நாள் ஜெபா இதே போனை நீட்டியபோது அவர் தலையைக்கூடத் திருப்பவில்லையாம். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிடப் பெரிய அருவருப்பு அதன் பிறகுதான் வந்தது.

“யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்” என்றார் அவர். “வேர் டு யூ லிவ்?”

“மாட்டுங்கா” என்றேன். தாராவியை ஒட்டி, வசதியானவர்கள் இருக்கும் பகுதி அது. யோசிக்கவேயில்லை; வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜெபா பக்கத்தில்தான் நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், “மாட்டுங்காவுக்கு எப்பம் சார் வீடு மாத்துனிய?”

அவள் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

தாராவி வந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. தாராவிக்கு எடுத்த டிக்கெட்டோடு அடுத்த நிறுத்தம்வரை போய், அங்கே இறங்கி, என் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.