வயலினுக்குப் பின்னால் ஒரு குரல்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மல்லேஸ்வரத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்த சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கோரஸ் பாடப் போனவள், வேலை பிடித்துப்போய் மிக்ஸிங் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டோன்மென்ட் பக்கம் எங்கள் மாதா கோயிலில், தமிழ்ப் பூசைக்கு, பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பேன். மைக் கெட்டுப்போன நாளில்கூடக் கடைசி பெஞ்சுவரை என் பாட்டு கேட்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

மாதா பாடல்களைக் கேசட்டாகப் போடப்போவதாகப் பங்குச் சாமியார் அறிவித்ததும், பாடப்போவது நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சமைத்துக்கொண்டே எட்டுப் பாட்டையும் மனப்பாடம் செய்தேன். அவர் ஸ்டுடியோவுக்கு வந்தபோது கூடவே ஒரு பெண்ணை அழைத்து வந்தார். ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து வருபவள். குழுவில் எனக்கு நேர் பின்னால் நிற்பவள். நான்கு வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

"உன் குரல் கோயிலுக்குன்னே ஆண்டவர் குடுத்ததும்மா. கேசட்ட வீட்ல உக்காந்து கேப்பாங்க. அதுக்கு இந்த மாதிரி மெதுவான குரல்தான் நல்லாருக்கும். நீயே ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடு" என்றார்.

"சரி ஃபாதர்" என்றேன்.

அவளை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். முதல் வரியைப் பாடினாள். ஒலியளவு காட்டும் மீட்டரில் முள் அசையவே இல்லை. உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது. மைக்கின் அளவைக் கூட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். அவள் மூச்சிழுப்பது, 'மரியே' என்னும்போது உதடு பிரிவது, எல்லாம் என் காதுக்குள்ளேயே நடந்தன. என்னிடம் மட்டும் ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தாள். என் குரலைப் பதிவு செய்து கேட்டபோதெல்லாம் அது தெருமுனையில் நின்று கூப்பிடுகிற குரலாகத்தான் இருந்திருக்கிறது. ஒருநாளும் இப்படிப் பக்கத்தில் வந்ததில்லை. வயிறு எரிந்தது.

மிக்ஸிங்கில் அவளைப் புதைத்தேன். குரலின் அளவை உயர்த்தித்தான் வைத்தேன், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் குரல் எந்த இடத்தில் ஒலித்ததோ அதே இடத்தில் பின்னணி வயலின்களையும் கூர்மையாக்கினேன். எதிரொலியை அள்ளிப் போட்டேன். தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவதுபோல் ஆகிவிட்டது.

ஸ்டுடியோ முதலாளி கன்னடக்காரர். ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார்.

"பாட்டு இருக்கு. பாடற பொண்ணு எல்லிம்மா? எங்க காணோம்?"

"சன்னக் குரல் சார். அவ்ளோதான் வரும்."

என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். கதவருகே உட்கார்ந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சரியாப் பாடலியாக்கா?" என்றாள். "கோயில்ல உங்க பின்னாடி நிக்கறேன்ல, உங்க பாட்டுதான் கேக்கும். என் குரல் எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நேத்து ஹெட்போன்லதான் மொத தடவ கேட்டேன். நல்லாருக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப கேட்டா காணோமே."

குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"இன்னும் முடியல. அடுத்த வாரம் வா" என்றேன்.

அந்த மிக்ஸிங்கை முழுதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். குரலை ஏற்றுவதை விட்டு மற்றவற்றை இறக்கினேன். அவள் பாடும் இடங்களில் வயலின்கள் மழுங்கி ஒதுங்கின. அவள் நிறுத்தும் இடங்களில் மட்டும் மேலே வந்தன. எதிரொலியை ஏறக்குறைய எடுத்தே விட்டேன். வரியின் கடைசியில் தேய்ந்துபோகும் சொற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டேன். ஒன்றை விலக்கும்போதெல்லாம் அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். வேலை சரியாக வருகிறது என்று கை சொன்னது. மனம் மட்டும் ஆறவே இல்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதா திருவிழா அன்று பூசை முடிந்து வளாகத்தில் கேசட்டைப் போட்டார்கள். வாராவாரம் என் கையைப் பிடித்துப் பாராட்டும் ஆன்ட்டி ஒருவர் அன்றும் என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு குரல் என்னமா இருக்கு! இவ்ளோ நாளா எங்க இருந்துச்சு?"

"தெரியலையே ஆன்ட்டி" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு கேசட் பற்றிப் பேச்சு வந்தது. இந்த முறையாவது என்னைப் பாடக் கேட்பார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். சாமியார் வந்தார்.

"'அந்த அக்கா மிக்ஸிங் பண்ணாதான் பாடுவேன்'னு அந்தப் பொண்ணு சொல்லுதும்மா."

ஒப்புக்கொண்டேன். அதையும் நன்றாகவே செய்தேன். பாடும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மீட்டரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.