கை விட்டாலும் நேரே போன விமானம்

இன்று காலை புளியந்தீவுப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது, வாவிக்கு மேலே ஒரு சின்ன விமானம் தாழப் பறந்தது. எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். நான் அதன் மூக்கைப் பார்த்தேன். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சரிதான், மூக்கை நிறுத்தும் சில்லைத் திருப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு விமானச் சில்லு எப்படித் தெரியும் என்று சந்தேகப்படுவீர்கள். படுங்கள். நானாக இருந்தாலும் பட்டிருப்பேன்.

யுத்த காலத்தில் இங்கே ஒரு இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். சூடேறிய கம்ப்யூட்டர் மணம் வந்தால் இப்போதும் அந்தக் கடைதான் நினைவுக்கு வரும். வானத்தில் சத்தம் கேட்டாலே ஊர் அண்ணாந்து பார்த்த நாட்கள் அவை. அப்போது பார்த்து, பஸ் டிரைவராக இருந்த சவரிமுத்து அங்கிள் தினமும் வந்து விமானம் ஓட்டும் கேமில் உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். சுடுவது, வெடிப்பது ஒன்றுமில்லாத கேம். ஏற்றும்போது விமானம் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். அவசரமாக நேராக்குவார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். யாரும் பிடிக்காத விமானம் போய்க்கொண்டே இருக்கும்.

"கையை விட்டா விழாதா அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன். வேவு பார்க்கத்தான்.

"இருந்து பாருகா."

அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். திரையில் ட்ரிம் சில்லு என்று ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதையே மவுஸால் திருப்பித் திருப்பி ஓட்டினேன். விமானம் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளியது.

"சில்லால ஓட்டாத புள்ள! முதல்ல ஜாய்ஸ்டிக் கம்பால மூக்கை நிப்பாட்டு. மறுகா சில்லைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பு, கம்பைப் பைய நடுவுக்கு விடு. நீ புடிச்சிருந்த பாரத்தை அது வாங்கிரும்."

வாங்கிக்கொண்டது. ஜாய்ஸ்டிக் கம்பு நடுவுக்கு வந்தும் மூக்கு அசையவில்லை. வேகத்தைக் குறைத்ததும் மூக்கு கீழே குத்தியது.

"வேகம் மாறினா சில்லையும் மாத்தணும்," என்று சிரித்தார்.

பஸ் ஓட்டியவருக்கு இவ்வளவும் யார் சொல்லிக்கொடுத்தது? குண்டு போட நிஜ விமானம் பழகுகிறாரோ? ஆர்மி விசாரிக்க வந்தால் முதலில் அகப்படுவது நான்தானே. மறுநாள் அவர் வருமுன் கேமை அழித்தேன். அதன் சீடியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கேம் பழுதாப் போச்சு அங்கிள்."

அவர் மேசையில் கையை ஊன்றினார். அங்கிருந்த பேனா கிடுகிடுவென்று ஆடி உருண்டது. அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"இந்தக் கைக்கு இனி பஸ் தரமாட்டாங்க புள்ள. அதுலதான் கை இல்லாமலும் நேராப் போகும். திருத்தினாச் சொல்லுகா."

நடுக்கமும் நடிப்பாக இருக்குமோ என்று வீடு போகும்வரை யோசித்தேன். நான் இப்படி ஒரு பிறவி. நான்கு நாள் வாசலில் தலையை நீட்டி, "கேம் சரி வந்துட்டா?" என்றார். சீடி இருந்த பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டு, "இல்ல அங்கிள்" என்றேன். ஐந்தாம் நாள் அவர் வரவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அவரைப் பற்றி விசாரிக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. சீடி மட்டும் என் அலுமாரியில் இருக்கிறது. போன மாதம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறினேன்.

"இதைப் போடுற கம்ப்யூட்டர் இப்ப ஒருத்தரிட்டயும் இல்லக்கா," என்றார்கள்.